பதினைந்தில் ஒன்று

முப்பத்தொரு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் கத்தியும் கத்தரியும் பஞ்சும் எண்ணிக் கொடுத்த கை அது. ஒரு நாள்கூட எண்ணிக்கை பிசகியதில்லை. அப்பேர்ப்பட்டவள், ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம், வீட்டு வாசலில் ஒரு காரின் சக்கரத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரும்பு எண்ணப் போகிறாள் என்று யாராவது ஜோசியம் சொல்லியிருந்தால், அவர் வாயில் தெர்மாமீட்டரை வைத்துப் பேச்சை நிறுத்தியிருப்பாள்.

தெருவில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் அப்படி உட்கார்ந்ததற்குக் காரணம் மாப்பிள்ளை. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். இருநூறு கிலோமீட்டர் தள்ளி மாற்றல் வந்திருந்தது. திங்கள் காலை ஒன்பது மணிக்கு அங்கே கையெழுத்துப் போட்டாக வேண்டும். வீட்டுச் சாமான் எல்லாம் முந்தின நாளே லாரியில் போய்விட்டது. மிச்சம் இருந்தது மாப்பிள்ளை, மகள், ஐந்து மாதப் பேத்திக் குட்டி, பிறகு ஒரு கார். அந்தக் கார்தான் மக்கர் பண்ணியது.

வெள்ளிக்கிழமையிலிருந்து நாற்பதைத் தாண்டினாலே முன் இடது சக்கரத்திலிருந்து ஊ... என்று ஒரு முனகல். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடியது. பேரிங் போய்விட்டது, சக்கரத்தின் குடமான ஹப்போடு மாற்ற வேண்டும் என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில். அடுத்த வியாழக்கிழமை கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார்கள். மாப்பிள்ளை நேராக உதிரிபாகக் கடைக்குப் போய்ப் புது ஹப்பை வாங்கிக்கொண்டு வந்து, நானே மாற்றுகிறேன் என்று சட்டைக் கையை மடித்தார்.

சிஸ்டர் அந்தச் சட்டைக் கையையே பார்த்தாள். இதே மாப்பிள்ளைதான் கல்யாணமான புதிதில் சமையலறைக் குழாயைச் சரிசெய்கிறேன் என்று கிளம்பி வீடு முழுக்கத் தண்ணீர் விட்டவர். அன்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை; துடைப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தத் துடைப்பத்தை அவரும் மறக்கவில்லை. அவர் அவளுக்குப் பயந்தார், அவள் அவரை நம்பவில்லை. மூன்று வருஷமாக இது இரண்டு பேருக்கும் தெரியும். "வாங்க", "சாப்பிடுங்க", "வரேன் அத்தை" என்பதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை.

"அத்தை, வெயில் ஏறுது. நீங்க உள்ள போங்க" என்றார் அவர்.

"கையில எடுத்துக் குடுக்க ஒரு ஆள் வேணும்ல மாப்ளே. நான் இங்கயே இருக்கேன்."

அவள் மனசில் இருந்தது வேறு. இந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துதான் அவளுடைய குட்டி போகப் போகிறாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்காமல் உள்ளே போய் அவளால் உட்கார முடியாது.

முதல் வேலையே முழி பிதுங்க வைத்தது. சக்கரத்தின் நடுவில் இருந்த மூடியை எடுத்தால், சக்கர அச்சான ஆக்ஸிலின் முனையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு நட்டு. ஹப்பையும் பேரிங்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். மாப்பிள்ளையிடம் இருந்த ஸ்பேனர் எதுவும் அதற்குப் பற்றவில்லை. பக்கத்து வீட்டில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவளைக் கூப்பிட்டார்கள். தெருமுனை திரும்புவதற்குள் ஏழு தடவை ஹாரன் அடிப்பாள் என்பதால் அவள் பேரே ஹாரன் அக்கா. வேனை அவளே கழற்றி அவளே பூட்டுவாள். கையில் நீளமான ஒரு இரும்பு பாரும், நட்டைக் கவ்வும் பெரிய சாக்கெட்டும், முறுக்கும் பலத்தை அளந்து சொல்லும் டார்க் ரென்ச்சும் எடுத்து வந்தாள்.

நட்டின் கழுத்தில் மெல்லிய விளிம்பு ஒன்று இருந்தது. அதில் ஓரிடத்தை உளியால் அடித்து ஆக்ஸிலின் பள்ளத்துக்குள் அமுக்கி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை அந்த அமுக்கலை உளி நுனியால் நெம்பி நிமிர்த்தினார்.

"இதான் அத்தை இதுக்குப் பூட்டு. நட்டு தானா திரும்பாம இது பிடிச்சுக்கும். ஒரு தடவை அமுக்கின நட்டை மறுபடி போடக்கூடாது. விளிம்பு பலம் போயிருக்கும், கிழிஞ்சுரும். அதனாலதான் ஹப்போட புது நட்டும் குடுத்திருக்கான்."

"கிழிஞ்சா?"

"நட்டு கொஞ்சம் கொஞ்சமா கழலும். அப்புறம் சக்கரம் ஆடும்." மேலே சொல்ல வந்தவர், மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பாரை மாட்டி அவர் ஏறி நின்றார். அசையவில்லை. சிஸ்டரும் கை போட்டாள். ஊஹூம். ஹாரன் அக்கா இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தள்ளுங்க, என் உடம்பு எதுக்குத்தான் இருக்கு" என்று பாரின் நுனியில் போய் உட்கார்ந்தாள். மூன்று பேர் பாரமும் சேர்ந்த பிறகுதான் டப்பென்று விட்டுக்கொடுத்தது.

"சிஸ்டர், வேலை முடிஞ்சதும் சாமான் என் வீட்டுக்கு வந்துரணும். ஒண்ணு குறைஞ்சாலும் வயித்தைத் திறந்து தேடுவேன்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அதன் பிறகு நடந்ததை சிஸ்டர் எதிர்பார்க்கவில்லை. மாப்பிள்ளைக்கு இந்த வேலை தெரிந்திருந்தது. அவசரப்படவில்லை. காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைக் கழற்றித் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வைத்து, டிஸ்க்கை எடுத்தார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் முன்பு ஒரு நிமிஷம் யோசித்தார். கழற்றியதைப் பக்கத்தில் தரையில் போடப் போனபோதுதான் சிஸ்டருக்குப் பொறுக்கவில்லை. உள்ளே ஓடி ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து வந்து விரித்தாள்.

"இதுல வைங்க. இல்ல, எங்கிட்ட குடுங்க."

கழற்றியதையெல்லாம் அவள் வாங்கினாள். ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து வரிசையாக வைத்தாள். சக்கர நட்டு ஐந்து. காலிப்பர் போல்ட் இரண்டு. டிஸ்க் திருகு ஒன்று. சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரின் போல்ட் ஒன்று. ஹப்பைப் பின்னாலிருந்து பிடித்திருந்த போல்ட் நான்கு. ஆக்ஸிலின் பெரிய நட்டு ஒன்று. பதினான்கு. புது நட்டைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தால் அதன் மேலும் துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய்ப் பிசுக்கு. அழுக்கான எதையும் அவள் தன் வாழ்நாளில் மேஜையில் வைத்ததில்லை. அதையும் கழுவித் துடைத்தாள். பதினைந்து. இடது ஓரத்தில் பழைய நட்டு, வலது ஓரத்தில் புது நட்டு, நடுவில் மற்றதெல்லாம். வேலை முடியும்போது துண்டில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்ச வேண்டும் என்று மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளை ஒவ்வொரு ஸ்பேனருக்கும் தலையை வெளியே எடுத்து, தேடி, பிறகு உள்ளே குனிந்தார். மூன்று தடவை பார்த்தாள்.

"மாப்ளே, கண்ணை வேலையிலிருந்து எடுக்காதீங்க. கையை மட்டும் நீட்டுங்க. என்ன வேணும்னு சொல்லுங்க. உள்ளங்கையில வரும்."

"பாக்காமயா?"

"எங்க பெரிய டாக்டர் இருபது வருஷம் ஒரு தடவை கூடத் திரும்பிப் பாத்ததில்ல."

அவர் தயக்கத்தோடு கையை நீட்டினார். "பதினேழு." உள்ளங்கையில் சொத்தென்று பதினேழாம் நம்பர் ஸ்பேனர் வந்து உட்கார்ந்தது. "எண்ணெய்." எண்ணெய் வந்தது. ஐந்தாவது தடவை அவர் சிரித்துவிட்டார். சிஸ்டருக்கும் சிரிப்பு வந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரே விஷயத்துக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜன்னல் வழியாக இதைப் பார்த்த மகள், குட்டியைத் தூக்கிக் காட்டி, "பாருடி, உலகத்துல என்னென்னமோ நடக்குது" என்றாள்.

சிரிப்பு அத்தோடு சரி. போல்ட் நான்கும் வந்த பிறகும் ஹப் வரவில்லை. துரு பிடித்து, உட்கார்ந்த இடத்தோடு ஒன்றாகிப் போயிருந்தது. எண்ணெய் ஊற்றினார்கள், காத்திருந்தார்கள், சுத்தியலால் சுற்றிலும் தட்டினார்கள். பன்னிரண்டு மணி ஆனது. ஒன்று ஆனது. மாப்பிள்ளை சுத்தியலைக் கீழே வைத்துக் கையை உதறிக்கொண்டார். "இன்னிக்குப் போகலேன்னா நாளைக்கு என்ன பதில் சொல்றது அத்தை" என்று ஒரு தடவை கேட்டார். அவள் எண்ணெய் டப்பாவை எடுத்து நீட்டினாள். குட்டி உள்ளே வீறிட்டு அழுதாள். வெயில் சக்கரத்துக்கு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. சிஸ்டர் எழுந்து நிழல் இருந்த எதிர்ப்பக்கம் மாறி உட்கார்ந்து, துண்டையும் அதில் இருந்தவை கலையாமல் அப்படியே பதமாக இழுத்துத் தன் முன்னால் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள்.

இரண்டேகாலுக்கு, இனி முடியாது என்று இரண்டு பேரும் வாய் திறந்து சொல்லவிருந்த நேரத்தில், ஒரு அடிக்கு ஹப் லேசாக முனகியது. அடுத்த அடிக்கு மண்ணும் துருவுமாகக் கழன்று மடியில் விழுந்தது. மாப்பிள்ளை அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்.

இனி எல்லாம் ஓட்டம்தான். உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, புது ஹப்பை ஏற்றி, நான்கு போல்ட், சென்சார், டிஸ்க், காலிப்பர். "போல்ட்." "போல்ட்." "திருகு." கை நீண்டது, அவள் வைத்தாள். உள்ளே மகள் பாட்டில், துணி, தொப்பி என்று மூட்டை கட்டியபடி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி சொன்னாள்.

"புது நட்டு."

சிஸ்டரின் கை வலது ஓரத்துக்குப் போனது. பளபளவென்று இருந்ததை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அவர் திரும்பிப் பார்க்காமல் ஆக்ஸிலில் ஏற்றி, கையால் சுற்றினார். சக்கரத்தை மாட்டி, காரைத் தரையில் இறக்கி, டார்க் ரென்ச்சால் முறுக்கினார். அது க்ளிக் என்றது. உளியால் விளிம்பைப் பள்ளத்துக்குள் அடித்து அமுக்கினார். மூடியை அழுத்தினார்.

"எண்ணிக்கை?" என்றார், டாக்டர் மாதிரி.

சிஸ்டர் துண்டைப் பார்த்தாள். ஒரே ஒரு நட்டு, தன்னந்தனியாக. "ஒண்ணு. சரி" என்றாள்.

மாப்பிள்ளை தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். முனகல் இல்லை. நான்கு பத்துக்குக் கிளம்பினார்கள். குட்டி தூங்கிப்போயிருந்தாள், மகள் மணி அடிக்காமல் போனின் வாயை அடைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வண்டி ஓட்டும்போது போனைத் தொடவே மாட்டார், அதை சிஸ்டரே பத்துப் பேரிடம் மெச்சியிருக்கிறாள்.

"அத்தை, இருபதாவது கிலோமீட்டர்ல பெட்ரோல் பங்க் இருக்குல்ல, அங்க நிறுத்தி சக்கர நட்டு அஞ்சையும் ஒரு தடவை முறுக்கிப் பாத்துட்டுத்தான் பைபாஸ்ல ஏறுவேன்." ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வினாடி நின்றார். "நீங்க இல்லேன்னா இன்னிக்கு முடிஞ்சிருக்காது."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கார் முனை திரும்பிய பிறகுதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாமான்களை ஹாரன் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு, குளித்து, ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாசலைக் கழுவ வந்தபோது மணி நாலு நாற்பது. பழைய ஹப்பைக் குப்பை மூட்டையில் போட்டாள். துண்டில் மிஞ்சியிருந்த நட்டை எடுத்தாள். அதையும் போடப் போனவள், பழக்கதோஷம், போடுமுன் ஒரு தடவை கட்டைவிரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள்.

விரல் கழுத்து விளிம்பைச் சுற்றி வந்தது. எங்கேயும் இடறவில்லை.

மறுபடி தடவினாள். காலையில் மண்ணெண்ணெயில் தேய்த்தபோது ஓரிடத்தில் விரலில் இடறியது, உளி நெம்பிய மேடு. நன்றாக நினைவிருக்கிறது. இதில் அது இல்லை. விளிம்பு முழுசாக, வட்டமாக, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது.

இது புதுசு.

துண்டைப் பார்த்தாள். அதன் ஒரு மூலையில் நீல நூலால் போட்ட புள்ளி இருக்கும். காலையில் விரித்தபோது அந்தப் புள்ளி அவளுடைய வலது கைப் பக்கம் இருந்தது. இப்போது அவள் மதியம் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் இடது பக்கம் இருந்தது. நிழலுக்காகச் சக்கரத்தின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள் அல்லவா? துண்டு திரும்பவில்லை, அவள் திரும்பிவிட்டாள். அவளுடைய வலது இடதாகிப்போனது. தியேட்டரில் மேஜைக்கு அந்தப் பக்கம் போய் யாரும் உட்காருவதில்லை. இரண்டு நட்டையும் ஒரே மாதிரி பளபளக்கத் துடைத்து வைத்தவள் அவள். பார்க்காமல் கையை நீட்டு என்று சொன்னவளும் அவள்.

ஒரு நட்டுதானே, அதையும்தான் முறுக்கியாயிற்றே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். ஒரு பஞ்சுதானே சிஸ்டர், எங்கேயாவது கீழே கிடக்கும், தையலைப் போட்டு முடிங்க என்று அவசரக்காரர்கள் பேசும் குரல். அதற்கு அவள் என்றைக்கும் இடம் கொடுத்ததில்லை. இன்று அது அவளுக்குள்ளிருந்தே வந்தது.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். முழுசாக அடித்து ஓய்ந்தது. மகளுக்குப் போட்டாள். அதுவும். மறுபடி அவருக்கு. மறுபடி இவளுக்கு. விரல் வழுக்கியது. மணி நாலு நாற்பத்து மூன்று. பங்க் இருபதாவது கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் முப்பது, முப்பத்தைந்து நிமிஷம். இந்நேரம் அங்கே இருப்பார்கள். சக்கரத்தின் ஐந்து நட்டையும் முறுக்கிப் பார்ப்பார், எல்லாம் சரியாக இருக்கும். மூடிக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? பைபாஸில் ஏறினால் நூறில் போவார்.

காலில் வெந்நீர் கொட்டியவள் மாதிரி செருப்பில்லாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். ஹாரன் அக்கா வேனுக்குள் சீட் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பழைய நட்டைக் குடுத்துட்டேன். நான்தான். அவங்க போனை எடுக்க மாட்டேங்கறாங்க. பங்க்ல நிப்பாங்க, இப்ப, இந்த நிமிஷம்."

ஹாரன் அக்கா துணியை எறிந்துவிட்டு இறங்கினாள். தினமும் டீசல் போடுவது அந்தப் பங்க்கில்தான். காற்றடிக்கும் நரைத்த மீசைக்காரரின் நம்பர் அவளிடம் இருந்தது. போனைப் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு மணி.

"சொல்லும்மா."

"அண்ணே, அங்க சாம்பல் கலர் கார் ஒண்ணு இருக்கா? கண்ணாடி போட்ட ஒருத்தர், முன் சக்கரத்துக்கிட்ட குனிஞ்சுக்கிட்டு. பின்னாடி கைக்குழந்தை."

"இருந்துதே. நாந்தான் காத்துப் பிடிச்சேன். இந்தா, இப்பத்தான் வண்டிய எடுக்கிறாரு."

"நிறுத்துங்க!"

"என்னா?"

"ஓடுங்கண்ணே! முன்னாடி போய் நில்லுங்க! சக்கரம் கழண்டுரும், குழந்தை இருக்கு உள்ள!"

போனில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு. "ஹோய்! ஹோய்!" என்று ஒரு கத்தல். ஏதோ பெரிய வண்டி உறுமிக்கொண்டு போனது. போன் எதன் மேலோ இடித்தது. அப்புறம் ஒன்றும் இல்லை, வெறும் இரைச்சல்.

சிஸ்டர் எண்ண ஆரம்பித்தாள். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை அவளுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று. ஹாரன் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினொன்று. பன்னிரண்டு. இரைச்சல். பத்தொன்பது. இருபது. இருபத்தாறு வரைக்கும் எண்ணினாள்.

"அத்தை? என்ன ஆச்சு? உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

அவர் குரல். அவளுக்குக் கண்ணீர் வந்தது.

"மாப்ளே, வண்டிய ஒரு அடி எடுக்காதீங்க. ஆக்ஸில்ல இருக்கறது பழைய நட்டு. புதுசு என் கையில இருக்கு. ரெண்டையும் தேச்சுக் கழுவினது நான், மாத்திக் குடுத்தது நான். தப்பு முழுக்க என்னுது."

குட்டி சிணுங்கும் ஒலி மட்டும் தூரத்தில் கேட்டது.

"எண்ணிக்கை சரியா இருந்துதே அத்தை" என்றார் கடைசியில், சின்னப்பிள்ளை கேட்பது போல.

"எண்ணிக்கை சரிதான் மாப்ளே. நட்டுதான் மாறிப்போச்சு. அங்கயே இருங்க. நான் வரேன்."

பாரும் சாக்கெட்டும் டார்க் ரென்ச்சும் உளியும் வேனில் ஏறின. ஸ்கூல் வேன் என்பதால் ஐம்பதுக்கு மேல் போகாதபடி அதற்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். ஹாரன் அக்கா ஆக்ஸிலரேட்டரை மிதித்த மிதியில் தகடு வளைந்தது. முள் ஐம்பதிலேயே நின்றது. "ஓடுடி, ஓடு" என்று வேனைத் திட்டினாள். அதற்குப் பதில் ஹாரன் அடித்தாள். இருபது கிலோமீட்டருக்கும் அடித்தாள். சிஸ்டர் நட்டை உள்ளங்கையில் இறுக்கி மூடி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சைக்கிள்காரர்கள்கூட முந்திப் போகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

பங்க்கின் ஓரத்தில், காற்றடிக்கும் இடத்தின் கூரைக்குக் கீழே கார் நின்றது. குட்டி மகளின் தோளில் விழித்துக்கொண்டு மீசைக்காரரின் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீசைக்காரரின் முழங்கையில் சிராய்ப்பு. வழியில் விழுந்து எழுந்து ஓடியிருக்கிறார். மகள் அம்மாவைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். அம்மாவின் வெறுங்காலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளை சக்கரத்தருகே குனிந்து உட்கார்ந்தார். மூடியை எடுத்தார். விளிம்பில் அவர் மாலையில் அமுக்கிய இடம் பாதிக்கு மேல் கிழிந்து, நக அளவு தகடாகத் தொங்கியது. நட்டு அந்த இடத்திலிருந்து விரற்கடை தூரம் தள்ளித் திரும்பியிருந்தது. சாக்கெட்டை மாட்டி பாரைப் பிடித்தார். காலையில் மூன்று பேர் பாரம் கேட்ட நட்டு, அவர் ஒரு கையால் அழுத்தியதும் சுற்றியது.

ஹாரன் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "இன்னும் எவ்ளோ தூரம் தாங்கியிருக்கும் சார்?" என்று மீசைக்காரர் கேட்டார். சிஸ்டர் குட்டியின் காலைப் பார்த்தாள். மகள் தோளிலிருந்து தொங்கிக்கொண்டு, ஐந்து விரலையும் விரித்து மடக்கி விளையாடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

மாப்பிள்ளை ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினார். பழைய நட்டைச் சுற்றிக் கழற்றித் தூரத்தில் எறிந்தார். பள்ளத்தைத் துணியால் துடைத்தார். பிறகு, கண்ணை ஆக்ஸிலிலிருந்து எடுக்காமல், கையைப் பின்னால் நீட்டினார்.

"புது நட்டு."

கிரீஸ் படிந்த உள்ளங்கை விரிந்து காத்திருந்தது. அவர் திட்டியிருந்தால்கூடச் சிஸ்டர் தாங்கியிருப்பாள். இத்தனைக்குப் பிறகும் பார்க்காமல் நீட்டிய அந்தக் கையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நட்டை அதில் வைக்கவில்லை.

"திரும்புங்க மாப்ளே" என்றாள். "பாத்து வாங்குங்க."

அவர் திரும்பினார். அவள் முகத்தை ஒரு வினாடி பார்த்தார். நட்டை வாங்கி, கட்டைவிரலால் அதன் கழுத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு இன்னொரு சுற்று.

"புதுசுதான் அத்தை."

"சரி, போடுங்க."

அவர் போடவில்லை. நட்டை மறுபடி அவள் பக்கம் நீட்டினார். "நீங்களும் ஒரு தடவை பாருங்க."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, விளிம்பைச் சுற்றி மெதுவாக விரலை ஓட்டினாள். எங்கேயும் இடறவில்லை. இரண்டு பேரும் பார்த்த பிறகுதான் அந்த நட்டு ஆக்ஸிலில் ஏறியது.